சாவிக்கு ஒரு பித்தளைப் பிடி

பக்கத்து வீட்டு அக்காவின் வாசலில் வங்கிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விடுமுறை நாளில் அவருக்கு உலோகம் கடையும் லேத்து இயந்திரம்தான் உலகம். அது கார் கொட்டகையை அடைத்துக்கொண்டதால் அவருடைய கார் தெருவில் வெயில் காய்கிறது. அக்காவின் விரல்கள் முடக்குவாதத்தில் மடங்கிவிட்டன. சாவியைத் திருப்ப முடியாமல், சொந்த வீட்டைத் திறக்கவே ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. போன வாரம் வங்கிக்காரர் சாவிக்குக் கடைந்து தந்த பிடி, அவருடைய சொந்தக் கைக்குத்தான் பொருந்தியது. இந்த முறை அக்காவைக் களிமண் உருண்டையைப் பிடிக்கச் சொல்லி, அதில் விழுந்த பள்ளங்களையே பித்தளையில் அரத்தால் ராவி எடுத்திருக்கிறார். அவர் தலைமுடியில் ஒரு பித்தளைச் சுருள் இன்னும் மின்னுகிறது. “இதுவும் உன் கைக்குத்தானா தம்பி?” என்கிறார் அக்கா. “பிடிச்சுப் பாருங்கக்கா.” கடவுளே, இந்த ஒருமுறை என்று அவர் மனம் வேண்டுகிறது. வளைந்த விரல்கள் ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் போய் உட்காருகின்றன. பூட்டு ‘டக்’கென்று திறக்கிறது. அக்கா சாவியோடு உள்ளே போய், அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திப் பூட்டுகிறார். வங்கிக்காரர் விழிக்கிறார். “என்னப்பா, மரம் மாதிரி நிக்கிற?” உள்ளிருந்து குரல் துள்ளுகிறது. “கதவைத் தட்டு! வீட்டுக்கு வந்தவங்களுக்கு நானே திறந்துவிட்டு எத்தனை நாளாச்சு!” அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நல்ல விருந்தாளியாகத் தட்டுகிறார்.