ஏழாம் லைன்

மகளுக்கான வேலை விண்ணப்பத்தில் ‘அட்ரஸ் லைன் 1’ என்று அச்சிட்டிருப்பதில் ஒன்றை வெட்டிவிட்டு ஏழு போட்டிருக்கிறாள் இசபெல். தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த அவளுடைய கட்டைவிரல் அந்த ஏழின் பக்கத்திலேயே ஊன்றியிருக்கிறது. கவுண்டர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து எழுதுவினைஞர் சிரிக்கிறார். “லைன்னா இங்க வரி அக்கா. ஒங்க தோட்டத்து லய வீடு இல்ல.” பின்னால் நிற்கும் வரிசையும் சேர்ந்து சிரிக்கிறது. வெளியே நோர்வூட் பஸ் மழைக்குள் உறுமிக்கொண்டு நிற்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “அது தெரியும் தம்பி. லயத்துக்கும் வெள்ளைக்காரன் வச்ச பேரு லைனுதான். நம்பர் போடாம மகளோட இன்டர்வியூ கடுதாசி தோட்டத்து ஆபீசுலயே கெடந்து போச்சு. இந்தத் தடவ ஏழாம் லயத்துக்கு, எங்க வாசலுக்கே வரணும்.” அவர் புதுத் தாள் ஒன்றை நீட்டுகிறார். இசபெல் வாங்கிக்கொள்கிறாள். அதிலும் ஒன்றை வெட்டி, முன்னதைவிடப் பெரிதாக ஏழு போடுகிறாள்.