மூன்றாவது சுற்று

"மாப்பிள்ளை ஓட்டின டாங்க்னு தெரிஞ்சேதான் சிவப்பு அடிச்சியா?"

அண்ணன் தன் மேஜையிலிருந்தே கேட்டான். அவள் தலை நிமிரவில்லை.

கடலுக்கடியில் நீந்துகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று டாங்க் செய்கிற கம்பெனி அது. அவள் கணவன் டாங்கின் கழுத்துக்குள் மரை வெட்டுவான். மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு மேஜை. ஒன்றில் அவள், மற்றதில் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

மரையின் அளவு பார்க்கிற கேஜை வைத்துத் திருகினால் இரண்டு சுற்றோடு நின்றுவிட வேண்டும். அன்று கணவன் தள்ளிக்கொண்டு வந்த வண்டியில் பதினாலு டாங்க். ஒன்பதில் மூன்றாவது சுற்றும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மரை தொளதொள. ஒன்பதுக்கும் கழிவு என்று சிவப்புக் குறி அடித்துவிட்டாள்.

"ஒரே ஒரு சுத்து. அதுக்குப் போயி..." அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. "இந்த மாசம் ஒரு டாங்க்கூட கழியலைன்னா மாப்பிள்ளைக்கு நிரந்தரமா பகல் ஷிப்ட். இன்னிக்குத்தான் கடைசி நாள். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ணே."

தெரியாமல் என்ன? அவனுக்கு ராத்திரி ஷிப்ட் வருகிற வாரமெல்லாம் பாப்பா அப்பா முகத்தையே பார்ப்பதில்லை. பகல் ஷிப்ட் கிடைத்தால் சாயந்திரம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான்.

பேக்கிங் அக்கா எட்டிப் பார்த்தாள். "கட்டின புருஷனையே கழிச்சுக் கட்டிட்டியேடி. வீட்டுல சண்டைன்னா வீட்டுலயே வெச்சுக்கக் கூடாதா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் அடுத்த டாங்கை எடுத்தாள்.

அண்ணன் விடவில்லை. "அவரைச் சொல்லணும். என் மேஜைதான் பக்கம். காலையிலேர்ந்து ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். இங்க வந்திருந்தா ஒரே நிமிஷத்துல பாஸ். என்னைத் தாண்டி உங்கிட்ட கொண்டுவந்தாரு பாரு."

சாயந்திரம் காப்பகத்திலிருந்து பாப்பாவைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். அவள் நாலடி பின்னாலேயே வந்தாள்.

"என்னங்க... கோவமா?"

"எத்தனை கழிச்சே?"

"ஒன்பது."

"சரியா இருக்கு. ஆறாவதுலேர்ந்துதான் டூல் ஆடுற சத்தம் கேட்டுச்சு. மெஷினை நிறுத்தவான்னேன். 'ஓட்டுப்பா, மேஜையில பாத்துக்குவாங்க'ன்னுட்டாரு சூப்பர்வைசர்."

அவள் எட்டி நடந்து பக்கத்தில் வந்தாள்.

"அண்ணன் மேஜை காலியாத்தானே இருந்துச்சு?"

பாப்பா அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. அவன் சிரித்தான்.

"உங்கண்ணன் தங்கமான மனுஷன். என் முகத்துக்காக அத்தனையையும் விட்டுருப்பாரு. அதான் உங்கிட்ட தள்ளிட்டு வந்தேன்."