டப்பாப் பால்

"பால் கட்டிகினு வலியில துடிக்கிறா. ஆனா புள்ளைக்கு மட்டும் டப்பாப் பாலாம். குட்த்தா அயகு பூடுமாம் மகாராணிக்கு!"

எர்ணாவூர் குடியிருப்பில் குப்பம்மா வாயைத் திறந்தால் நாலு மாடிக்கும் கேட்கும்.

செங்கொடிக்கும் அதே எரிச்சல்தான். எதிர்வீட்டு ஜெயஸ்ரீக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. புருஷன் உதயா விசைப்படகில் கிளம்பினால் கரை சேரப் பத்து நாளாகும். தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கும்போதெல்லாம் குழந்தையைச் செங்கொடியிடம்தான் விட்டுவிட்டுப் போவாள்.

"அக்கா, அழுதா இந்த பாட்டில குடு. வேற எதுவும் வாணாம். டாக்டரு சொல்லிகீறாரு."

"எந்த ஊரு டாக்டருடி தாய்ப்பால் குடுக்காதன்னு சொன்னாரு?"

ஜெயஸ்ரீ பதில் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். அந்த அழுத்தம்தான் செங்கொடிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செங்கொடியின் மகளுக்கு நாலு மாசம். பால் தாராளம். மடியில் கிடந்த அந்தப் பச்சைமண் அவள் மார்பை முட்டியபோது மனசு தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கொடுத்தாள். மூச்சு விடாமல் குடித்தது. பாட்டிலில் இருந்ததைக் கொட்டிக் கழுவி வைத்தாள்.

அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை. யாரிடமும் மூச்சு விடவில்லை. புண்ணியத்தை யாராவது தம்பட்டம் அடித்துக்கொண்டு செய்வார்களா என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

எட்டாம் நாள் குழந்தையின் கண் மஞ்சளானது. குடித்ததையெல்லாம் கக்கியது. வயிறு உப்பியது. ஜெயஸ்ரீயும் செங்கொடியும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குழந்தையை உள்ளே வாங்கிக் கதவைச் சாத்தினார்கள். அன்றுதான் கரை சேர்ந்திருந்த உதயா, கட்டிய கைலியோடு வந்து டாக்டர் அறை வாசலில் நின்றான்.

கொஞ்சம் தள்ளி, வராந்தாவில் ஜெயஸ்ரீ ஒரு காகிதத்தைப் பிரித்தாள்.

"பொறந்த மூணாம் நாளு குதிகால்ல ஊசி குத்தி ரத்தம் எட்த்தாங்கக்கா. பால் ஒத்துக்காத நோவுன்னு வந்துச்சு. பரம்பரையா வர்றதாம். தாய்ப்பாலு, பசும்பாலு ரெண்டுமே இதுக்கு வெசமாம். ஈரலே பூடுமாம். அதான் சோயா பவுடரு."

செங்கொடி அந்தக் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"தங்கச்சிக்கு மாப்ள பாத்துகினு கீறாங்கக்கா. எங்க வம்சத்துலயே நோவுன்னு தெரிஞ்சா அவள எவன் கட்டுவான்?"

செங்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளால் மறைக்க முடியவில்லை. ஜெயஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு, உதயா காதில் விழாமல் முணுமுணுத்தாள்.

"நான் குட்த்தேன்டி. எட்டு நாளா, நீ தண்ணி புடிக்கப் போறப்பல்லாம். பாவமா இருந்துச்சுடி..."

ஜெயஸ்ரீ திட்டவில்லை. அழவும் இல்லை. காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள்.

"நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா நீ குட்த்திருப்பியாக்கா?" என்றாள்.

கதவு திறந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஈரல் போயிடுச்சு. ரத்தத்துலயும் கிருமி. எங்களால காப்பாத்த முடியலம்மா." குரலைத் தாழ்த்தினார். "பவுடர் மட்டும் குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காது. யாரோ தாய்ப்பால் குடுத்திருக்கீங்க. யாரு?"

உதயா திரும்பினான். கோபம் வந்தால் அவனுக்குக் கண்மண் தெரியாது.

"எவ குட்த்தா? சொல்லு, இங்கியே கொன்னுடறேன்!"

செங்கொடி எழுந்தாள். "நா... நான்..."

அவளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஜெயஸ்ரீ புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான்யா குட்த்தேன். பெத்த மனசு கேக்கல."