பதினேழாம் நம்பர் அட்டை

"யார் என் அட்டையைத் தொட்டது?"

கலியாணசுந்தரம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறியே நின்றுவிட்டது.

காலை ஆறு மணி. ஆறரைக்கு மெட்ராஸ் பஸ். காஞ்சிபுரத்தில் கல்லூரி வாத்தியாரான அவர், உப்புக்கல்லுக்குள் அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கணக்குப் போட மெட்ராஸ் கம்ப்யூட்டரில் மாதம் ஒரு சனிக்கிழமை, அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

கணக்கை எங்கே தொடங்குவது, எத்தனை தடவை திருப்பிப் போடுவது, எப்போது நிறுத்துவது எல்லாவற்றையும் முப்பத்திரண்டு அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகப் பதித்து வைத்திருந்தார்; அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் படித்தது ஓட்டைகளைத்தான். எந்த உப்பானாலும் அதே கட்டுதான். அந்தந்த உப்புக்கு நாலைந்து அட்டையை மட்டும் மாற்றிக் கடைசியில் செருகினால் போதும்.

ரெண்டு வருஷ உழைப்பு. அட்டைகளை வைத்த பெட்டி இருந்தது சாமி படத்துக்குப் பக்கத்தில்.

"பதினேழாம் நம்பர் என்னுது இல்லே. மிஷின்லே குத்தினா மேலே அச்செழுத்து விழும், இதுலே காணோமே!"

"என்னங்க, அது வந்து..." என்றாள் மனைவி கிருஷ்ணவேணி.

"வந்தும் வேணாம், போயும் வேணாம். யாரு?"

எதிர்வீட்டு வீரபத்திரன் இடுப்புத் துண்டோடு வாசலில் வந்து நின்றான். புடவையில் டிசைன் விழ, தறிக்கு மேலே மாட்டும் ஜக்கார்டு ஓட்டை அட்டைகளைக் குத்துகிறவன்.

"நான்தான் சார் வெட்டினேன். பழசு கெட்டுப்போச்சு. மேஜையிலே வெத்து அட்டை இருந்துது. அதை வெச்சு ஓட்டைக்கு ஓட்டை அப்படியே..."

"வெட்டினியா? இது என்ன மயில் பார்டரா? ஒரு ஓட்டை தள்ளிப்போனா மிஷின் காறித் துப்பிடும்யா!"

"தள்ளிப்போகலை சார். ஐம்பத்தாறு ஓட்டை. ரெண்டு தபா எண்ணிக்கினேன். உங்க ஓட்டை சதுரமா இருக்குது, எங்க உளி வட்டம். அதனால குடைக்கம்பியைத் தட்டி, தனியா ஒரு உளி தீட்டினேன்."

"குடைக்கம்பி!" கலியாணசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டார். "சாமி பக்கத்துல வெச்சாலும் கெடுக்கறதுக்குன்னே வீட்டுல ஒரு ஆளு, தெருவுல ஒரு ஆளு!"

கிருஷ்ணவேணி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையை எடுத்துக் கொடுத்தாள்.

வேறு வழியில்லை. பஸ் ஏறினார். சுங்குவார்சத்திரம் வரைக்கும் வீரபத்திரனைத் திட்டினார். பூந்தமல்லி வரைக்கும் கிருஷ்ணவேணியை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய்க் கண்டக்டரிடம் வேறு இடம் கேட்டார்.

கம்ப்யூட்டர் அறையில் அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு கண்ணை மூடிக்கொண்டார். காமாட்சியைக் கூப்பிட்டார். ஏகாம்பரநாதரையும் கூப்பிட்டார். மிஷின் தடதடவென்று அட்டைகளை விழுங்கியது. பதினேழையும் விழுங்கியது. துப்பவில்லை.

ரெண்டு வருஷமாகப் பிடிபடாமல் இருந்த விடை, நீளக் காகிதத்தில் அழகாக வந்து விழுந்தது.

சாயங்காலம் திரும்பும்போது கையில் அரை கிலோ அல்வா. நேராக வீரபத்திரனை வீட்டுக்குள் கூப்பிட்டு, உட்கார வைத்து அல்வாவைக் கொடுத்தார்.

"வீரபத்திரா, உன் கை கை இல்லேப்பா! மிஷினுக்கே வித்தியாசம் தெரியலே. காலையிலே கொஞ்சம் கோவப்பட்டுட்டேன்."

"பரவாயில்லை சார்."

"ஆனா ஒண்ணு. பழசைக் கெடுத்தது யாருன்னு சொல்லிடுங்க. நான் மன்னிச்சாச்சு. அடுத்த தடவை ஜாக்கிரதையா இருக்கணுமில்லே? அதுக்குத்தான்."

"நான்தான் சார்," என்றான் வீரபத்திரன். "கைதவறி தண்ணி கொட்டிட்டேன்."

"எலி கடிச்சிடுச்சுங்க," என்றாள் கிருஷ்ணவேணி, அதே மூச்சில்.

கலியாணசுந்தரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணியா, எலியா?"

வீரபத்திரன் அல்வாவை ரொம்பக் கவனமாகத் தின்றான்.

"அந்தப் பழைய அட்டையைக் கொண்டா."

"எதுக்குங்க இப்போ? வேலைதான் முடிஞ்சுதே."

"கொண்டான்னா கொண்டா. பொறுப்பு இல்லாம நடந்துக்கிட்டா என்ன ஆகும்னு காலேஜ்ல பசங்களுக்குக் காட்டணும்."

"வேணாம் சார், விட்டுடுங்க," என்று வீரபத்திரன் கெஞ்சியே விட்டான்.

அவர் விடுவதாக இல்லை. கிருஷ்ணவேணி பெருமூச்சு விட்டபடி உள்ளே போய், புடவை மடிப்பிலிருந்து அட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

நட்டநடுவில் கிழிசலாக ஒரு பெரிய ஓட்டை. தண்ணீர் பட்ட சுவடே இல்லை. எலிப்பல்லும் இல்லை.

"இது ஏதோ கடையிலே சீட்டு குத்தி வைக்கிற கம்பியிலே குத்தின மாதிரி இருக்கே! எந்த மடையன் செஞ்ச வேலை இது?"

அட்டையைத் திருப்பினார். 'துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி அரை கிலோ, கட்டிப் பெருங்காயம்' - திங்கட்கிழமை அவசரத்தில், மளிகைக்கடைக்கு அவரே எழுதிக் கொடுத்த லிஸ்ட்.