நெல்லுச் சோறு

கெங்கம்மாள் வீட்டு விட்டத்தில் தாஹிரா மாட்டிய தராசு மெல்ல ஆடுகிறது. மலைச்சனம் அன்றாடம் என்ன சாப்பிடுகிறது என்று அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்காக வாணியம்பாடியிலிருந்து வந்தவள் அவள். ஜீப் ஏற முடியாத பாதையில் நாலு மைல் நடந்ததில் புடவை ஓரமெல்லாம் செம்மண். மடியில் ‘1978’ என்று அச்சடித்த படிவம். தராசுத் தட்டில் வெள்ளை வெளேரென்று நெல்லுச் சோறு. கூரை ஓட்டையில் இறங்கும் வெயிலில் அதன் ஆவி நெளிகிறது. பக்கத்து வீட்டில் அரிசி கேட்டு வாங்கிவந்த படி இன்னும் அடுப்போரம் கிடக்கிறது.

“தினமும் இதுதான் ஆக்குவீங்களா?”

“நீ வந்துகிறியேம்மா! கவர்மெண்டே ஆள் அனுப்பி எங்க சோத்த நிறுக்குது, களியவா வெக்கறது?”

தாஹிராவுக்குச் சிரிப்பும் வருகிறது, தவிப்பும் வருகிறது. இந்த எடையை எழுதினால் இந்த மலையில் பசியே இல்லை என்றாகிவிடும். “நாளைக்கு மறுபடி வர்றேங்க. எப்பவும் ஆக்கறதயே ஆக்குங்க.”

“நாளிக்கி வந்தாலும் விருந்தாளிதான? எங்கூட்டுப் பொண்ணா நீ?”

“ஆமான்னே வெச்சுக்கோங்க.”

கெங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்க்கிறாள். பிறகு விறகுக்குப் பின்னால் கையை விட்டு, மூடி ஒளித்துவைத்த சட்டியை இழுக்கிறாள். காலையில் கிண்டிய கேழ்வரகுக் களி, நாலு பேருக்கு ஒரே உருண்டை. சோற்றை எடுத்துவிட்டு அதைத் தட்டில் வைக்கிறாள். முள் லேசாகத்தான் நகர்கிறது. தாஹிரா எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, உருண்டையைப் பிட்டு நீட்டுகிறாள்.

“பொண்ணுக்கு இதாம்மா. துன்னு.”