தோளுக்கு ஒரு நிறம்

திருகோணமலைத் துறைமுக வீதி ஸ்டூடியோவுக்குள் பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியே மஞ்சளாக வடிகிறது. வாடகைப் பட்டமளிப்பு அங்கிக்குள் சுதர்ஷிகா வியர்க்கிறாள். காலையில் நேர்முகத் தேர்வில் அவளுடைய தொலைக்கல்விப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இல்லையாம். ஆனால் கட்டைபறிச்சான் வீட்டில் அப்பா அவளுடைய பட்டமளிப்புப் படத்தை மாட்டச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டார். படக்காரர் குலசிங்கம் அலுமாரியில் தோள்பட்டிகளைக் கிளறுகிறார். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு நிறம். "உங்கட கம்பஸுக்கு என்ன நிறம், தங்கச்சி?" "தெரியாது, அண்ணை. அந்தக் கம்பஸை நானே இன்னும் காணேல்ல." வெளியே ஒரு கப்பல் ஊதி ஓய்கிறது. "அப்ப பிடிச்ச நிறத்தைப் போடுங்கோ," என்கிறார் அவர். "கறுப்பு வெள்ளையில எடுத்தா எல்லாக் கம்பஸும் ஒண்டுதான்." அவள் அவசரப்படாமல் ஒவ்வொரு பட்டியாகத் தோளில் வைத்துப் பார்த்து, சிவப்பை எடுக்கிறாள்.