சருகுக்கு அடியில்

நூலகத்தின் நீள மேஜையில் விரித்த வெள்ளைத் துணிமேல், காலையில் மரத்தடியிலிருந்து நூலக ஆசிரியை அள்ளிவந்த சருகுகள் குவிந்து கிடக்கின்றன. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தூரிகையால் சருகுகளைப் புரட்டி, அடியில் வாழும் பூச்சிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து எண்ணிக் குறிக்கிறார்கள். அவர்களில் ரெட்டைஜடைக்காரி ஒருத்தி புரட்டிய சருகின் அடியில் தேள் இருக்கிறது. அவள் சுண்டுவிரலுக்கும் அதற்கும் நடுவே ஓரங்குலத் துணிதான். "கையை அசைக்காதம்மா," என்கிறார் ஆசிரியை. நாற்காலிகள் ஓசையில்லாமல் பின்னுக்கு நகர்கின்றன. மின்விசிறிக் காற்றில் சருகுகள் சரசரக்கும்போதெல்லாம் தேளின் வால் விறைத்து வளைகிறது. இவளைப் பெற்றவளிடம் என்ன பதில் சொல்வது? அலமாரியிலிருந்து தடித்த அகராதியை உருவி, ஆசிரியை தலைக்கு மேல் ஓங்குகிறார். "அடிக்காதீங்க மிஸ்." சிறுமியின் உதடு மட்டும் அசைகிறது. "முதுகுல குட்டிங்க இருக்கு." அவர் குனிந்து பார்க்கிறார். அரிசிமணிபோல வெளுத்த குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓங்கிய கை கனக்கிறது. அகராதியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, மிச்சத் தூரிகைகள் நிற்கும் கண்ணாடி டம்ளரைக் காலிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேளின்மேல் கவிழ்க்கிறார். கொடுக்கு கண்ணாடியில் டிக்கென்று மோதுகிறது. சிறுமி விரல்களை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். ஆசிரியை இரண்டு கைகளாலும் டம்ளரை அமுக்கிப் பிடித்திருக்கிறார், விடுவதாக இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக நெருங்கி வருகிறார்கள். ரெட்டைஜடைக்காரி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். "கையை எடுங்க மிஸ், மறைக்குது."